ரெய்டு, ஓட்டம், மறுநாள் வலி: கேள்வி பதில்

டெல்டா மாவட்டக் கபடி, ஓட்டப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு, உடற்பயிற்சி உடலியல் படித்த பயிற்சியாளர் ஒருவரின் பதில்கள்.

மன்னார்குடி: சார், ஒரு ரெய்டு போய் வந்தாலே தொடை துவண்டு போகுது. அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் விடணும்?

ரெய்டு 30 வினாடிதான், ஆனால் அதற்குள் பாய்ச்சலும் இழுபறியும் இருக்கிறதே. தசை நேராகச் செலவழிப்பது ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு. கையிருப்பு சில வினாடிக்குத்தான் வரும். தீரத் தீர அதைப் புதுப்பிப்பது தசையிலேயே இருக்கும் இன்னொரு சக்தி இருப்பான கிரியேட்டின் பாஸ்பேட்; முழு வேகத்தில் சுமார் 10 வினாடியில் அதுவும் பெரும்பாலும் காலி. கூடவே தசையில் சேமித்திருக்கும் குளுக்கோஸான கிளைக்கோஜன் ஆக்சிஜனுக்குக் காத்திராமல் வேகமாக உடைகிறது. ஒன்று முடிந்துதான் அடுத்தது என்று இல்லை, எல்லாம் முதலிலிருந்தே ஓடும், பங்குதான் மாறும்.

வந்து நின்றதும் கிரியேட்டின் பாஸ்பேட் ஏறக்குறைய பாதி, அரை முதல் ஒரு நிமிடத்தில் திரும்பிவிடும். மீதி நிரம்ப 3 முதல் 5 நிமிடம். நிரப்புவது ஆக்சிஜன்தான், நீண்ட தூரம் ஓடிப் பழகியவன் சீக்கிரம் தேறுவது அதனால்தான். ஒரே ஆளை அடுத்தடுத்து அனுப்பிவிட்டு, "பையன் சோம்பேறி" என்று கேப்டன் கத்தக் கூடாது.

கும்பகோணம்: போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். கொள்ளிடம் மணலில் ஓடுகிறேன், போதுமா?

போதாது தம்பி. மணலில் சக்தி செலவாகும், வேகம் பழகாது. 400 மீட்டருக்கு 112 வினாடி என்பது உன் கணக்கு. வாரம் இரண்டு நாளாவது கெட்டித் தரையில் அந்த வேகத்தைப் பழகு. உச்சி வெயிலில் வேண்டாம். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி, நாளைக்கு என்று தள்ளாதே.

திருவாரூர்: லாக்டிக் ஆசிட் தேங்கித்தானே மறுநாள் வலிக்குது?

இல்லை. கிளைக்கோஜன் வேகமாக உடையும்போது வரும் அதற்கு, உடலில் இருக்கும் வடிவத்தில், லாக்டேட் என்று பெயர். ரத்தத்தில் ஏறிய லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும்.

மயிலாடுதுறை: அண்ணே, எங்க கோச் இருபது வருஷமா அப்படித்தான் சொல்றாரு. அவர் பொய்யா சொல்றாரு?

பொய் இல்லை, பழைய பாடம். நம்மூர் நடவைப் பாருங்கள். ரொம்ப நாள் கழித்து நடவுக்கு இறங்கும் அக்காவுக்கு அன்று பெரிய மூச்சிரைப்பு இல்லை, லாக்டேட் ஏற வழியே குறைவு. ஆனால் மறுநாள் தொடைப் பின்பக்கமும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். தினம் 400 மீட்டர் ஓடும் பையனுக்கு லாக்டேட் எகிறும், மறுநாள் சாதாரணமாக நடப்பான். தசை இழுபட்டபடியே பாரம் தாங்கும்போது நார்களில் நுண்ணிய சேதம் வருகிறது, அதை ஆற்றும் வேலைதான் வலி. 24 மணியிலிருந்து 72 மணிக்குள் உச்சம்.

நாகப்பட்டினம்: அப்ப லாக்டேட் குப்பைதானே?

அதுவும் எரிபொருள்தான். இதயம் எரிக்கும், மற்றத் தசை நார்களும் எரிக்கும். கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸ் ஆக்கும். இந்தச் சுழற்சிக்குப் பெயர் கோரி சுழற்சி. கிளைக்கோஜன் ஆய்வுக்காக கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதிக்கு 1947இல் நோபல். ஓடும்போதே தசையில் எரிச்சல் வருகிறதே என்றால், தசையில் அமிலத்தன்மை கூடுவது உட்பட அதற்குப் பல காரணம்.

பட்டுக்கோட்டை: லாக்டிக் ஆசிட் குறைய என்ன சாப்பிடணும்?

மேலே படிக்கவும்.

வலங்கைமான்: பயிற்சிக்கு அப்புறம் நீராகாரம் குடிக்கலாமா?

தாராளமாக, உப்புப் போட்டு. வேர்வையில் போன தண்ணீரும் உப்பும் திரும்பும். கிளைக்கோஜன் நிரம்ப அது மட்டும் பத்தாது. சோறு வேண்டும், கூட முட்டையோ பருப்போ. முழுதாக நிரம்ப ஒரு நாள் ஆகலாம்.

தஞ்சாவூர்: ஜிம் அண்ணன் ஒரு பவுடர் தர்றாரு, லாக்டிக் ஆசிட் வராதாம்.

மறுபடியுமா! லேபிள் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி, ஞாபகம் இருக்கட்டும்.

திருத்துறைப்பூண்டி: அப்பாவுக்குச் சர்க்கரை, அவரும் ஓடலாமா?

அவருடைய டாக்டரைக் கேளுங்கள்.

திருவையாறு: ஐஸ் தண்ணீரில் உட்காரலாமா?

ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால் உட்காரலாம். தசை ஏறுவதற்காக எடை தூக்கிய நாளெல்லாம் வேண்டாம், வளர்ச்சி குறையும்.