பக்கத்து வீட்டு பாட்டி சங்கத்துல சேரச் சொல்றாங்க, சேரலாமா?

கேள்வி: அக்கா, நாங்க இல்லினாய்ல மோலின்ல இருக்கோம். வீட்டுக்காரருக்கு டிராக்டர் கம்பெனியில கான்ட்ராக்ட் ஐடி வேலை, நான் ஹெச்4, அதாவது அவரை ஒட்டி வந்த விசா, வேலைக்குப் போக அனுமதி இல்ல. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி மாடர்ன் உட்மென்னு ஒரு சங்கத்துல இருக்காங்க, ஸ்கூல் பசங்களுக்கு சாப்பாட்டு பை கட்ட என்னையும் கூட்டிட்டுப் போனாங்க, ரொம்ப பிடிச்சுப் போச்சு. இப்ப மெம்பர் ஆகுங்கிறாங்க, ஆனா அதுக்கு இன்சூரன்ஸ் எடுக்கணுமாம். இது ஆள் சேத்து கமிஷன் பாக்குற எம்எல்எம்மா இல்ல மதம் மாத்துற கூட்டமான்னு வீட்டுக்காரர் பயப்படுறார்.

பதில்: உன் வீட்டுக்காரர் பயம் எனக்குப் புரியுதும்மா, கடையில யாராவது "நீங்க தமிழா"ன்னு சிரிச்சாலே நம்பர் குடுக்க பயப்படுற காலம் இது. ஆனா இது அந்த மாதிரி இல்ல. இதுக்குப் பேரு ஃபிரட்டர்னல் பெனிஃபிட் சொசைட்டி, அதாவது லாப நோக்கம் இல்லாம மெம்பருங்களுக்காகவே நடத்துற இன்சூரன்ஸ் சங்கம். நம்ம ஊர்ல சாவு வீட்டுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணிக் குடுப்பாங்கல்ல, அதே கதைதான், 1868ல பென்சில்வேனியாவுல ஜான் ஜோர்டன் அப்சர்ச்னு ஒரு ரயில்வே மெக்கானிக் ஆரம்பிச்ச சங்கத்துல ஒருத்தர் செத்தா மத்தவங்க ஆளுக்கு ஒரு டாலர் போடணும்னு வச்சாங்க, அதப் பாத்து நிறைய சங்கம் முளைச்சுது. உன் பாட்டியோட சங்கம் 1883ல ஜோசப் கல்லன் ரூட்ங்கிறவர் அயோவாவுல லயன்ஸ்ங்கிற ஊர்ல தொடங்கினது, உங்க ஊர்ல இருந்து மிசிசிப்பி ஓரமாவே வடக்க போனா வந்துரும். தலைமை ஆபீஸ் உங்களுக்கு அடுத்த ஊரு ராக் ஐலண்ட்லயேதான் இருக்கு. அப்பல்லாம் வெள்ளைக்கார ஆம்பளைங்கள மட்டுந்தான் சேத்தாங்க, அதுலயும் பேஸ்பால் ஆடுறவன் பலூன்ல பறக்குறவனெல்லாம் ரிஸ்க்குன்னு வேணாம்னுட்டாங்க 😄 நம்மள வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க. ஆனா அதே சங்கந்தான் டிபி வந்த மெம்பருங்களுக்காக 1909ல கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கத்துல சானடோரியம் திறந்து 1947 வரைக்கும் நடத்துச்சு, அதையும் சொல்லணும்ல.

மதம்? நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்னா கத்தோலிக்க ஆம்பளைங்களுக்கு, த்ரைவென்ட்னா கிறிஸ்தவங்களுக்கு. மாடர்ன் உட்மென்ல அப்படி எதுவும் இல்ல.

இப்ப பாலிசிக்கு வரேன், இங்கதான் கொஞ்சம் நிதானம் வேணும். சாதாரண இன்சூரன்ஸ் கம்பெனி திவாலானா மாநில கேரன்டி அசோசியேஷன் ஒரு அளவுக்குக் கை குடுக்கும், பெரும்பாலான மாநிலங்கள்ல இந்த சங்கங்களுக்கு அது கிடையாது, அதுக்கு பதிலா சங்கத்தோட ரிசர்வ்ல, அதாவது சேத்து வச்ச பணத்துல, ஓட்டை விழுந்தா மெம்பருங்க கிட்டயே கூடுதலா கேக்கலாம்னு பாலிசியிலயே ஒரு ஷரத்து இருக்கும். பெரிய சங்கங்க நூறு வருஷத்துக்கு மேல நிக்குது, அதனால பதற வேணாம், ஆனா இன்சூரன்ஸ் கம்பெனிங்களோட பண பலத்துக்கு மார்க் போடுற ஏஎம் பெஸ்ட்டோட ரேட்டிங் பாத்துட்டு கையெழுத்து போடு. ஏஜென்ட் ஹோல் லைஃப்னு (ஆயுசு முழுக்க வர்ற பாலிசி) ஆரம்பிச்சா டெர்முக்கும் (இத்தனை வருஷத்துக்குன்னு மட்டும் எடுக்குற பாலிசி) கொட்டேஷன் கேளு, அதே தொகைக்கு வெளியில ரெண்டு கம்பெனியில விசாரி. விசா முடிஞ்சு ஊருக்குத் திரும்பினா பாலிசி தொடருமா, பிரீமியம் எப்படி கட்டுறதுன்னு எழுத்துல வாங்கிக்க. உங்க வீட்ல ஒருத்தர் சம்பளந்தான், அதுவும் கான்ட்ராக்ட் வேலைன்னா கம்பெனி குரூப் இன்சூரன்ஸ நம்பி இருக்க முடியாது, அதனால முதல்ல வீட்டுக்காரர் பேர்ல டெர்ம் இருக்கான்னு பாரு, உன் பேர்ல எடுக்குறது அப்புறம். பாட்டி முகத்துக்காக மட்டும் எடுக்காத.

பை கட்டுறதுக்கு பாலிசி எதுக்கு? இதுவரைக்கும் போன மாதிரியே கூடப் போயிட்டு வா, யாரும் தடுக்க மாட்டாங்க. மெம்பர் ஆனா சேப்டர், அதாவது உள்ளூர் கிளை, மீட்டிங்ல உட்காந்து எந்த ஸ்கூலுக்கு உதவுறதுன்னு நீயும் பேசலாம், அவங்க கிட்ட மேட்சிங் ஃபண்டுன்னு ஒண்ணு இருக்கு, ஊர்ல ஒரு நல்ல காரியத்துக்கு சேப்டர் வசூல் பண்ணா தலைமை ஆபீசும் அதுக்கு ஈடா ஒரு வரம்பு வரைக்கும் போடும், அதுல எனக்கு மதிப்பு உண்டு.

ஹெச்4ல தர்ம காரியத்துக்கு வாலன்டியர் பண்றது தப்பில்ல, ஆனா வழக்கமா சம்பளத்துக்கு ஆள் வச்சு செய்யிற வேலைய உன்ன ஓசியில செய்யச் சொன்னா, ஏஜென்ட் ஆபீஸ்ல போன் எடுக்குறது மாதிரி, முடியாதுன்னுரு. கூப்பன், கிஃப்ட் கார்டுன்னு கைமாறா எதாவது நீட்டினாலும் வாங்காத. வீட்டுக்காரரையும் ஒரு சனிக்கிழமை பை கட்டக் கூட்டிட்டுப் போ, பாதி சந்தேகம் அங்கயே தீந்துரும்.