இருட்டு மாதங்களில் கைக்கு ஒரு வேலை

பின்லாந்தின் எஸ்போவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். "அக்கா, மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் படுக்கத்தான் தோன்றுகிறது. ஈரோட்டில் இருந்தவரை சனி, ஞாயிறு என்றால் ஆரி வேலை, பிளவுஸ் தையல் என்று உட்கார்ந்துவிடுவேன். இங்கே ஊசியைத் தொடவே மனசு வரவில்லை. நீங்கள் எல்லாம் எப்படி உற்சாகமாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் நீ, வா என்றே எழுதுகிறேன்.

உன் ஆர்வம் போய்விட்டது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதே. நீ வந்து மாட்டிய நேரம் அப்படி. ஹெல்சிங்கி வட்டாரத்தில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. ஒன்பதரைக்குச் சற்று முன் விடியும், மூன்றேகாலுக்குள் அடைந்துவிடும். ஆனாலும் என்னைக் கேட்டால் டிசம்பரைவிட நவம்பர்தான் கஷ்டம். பனி விழுந்துவிட்டால் தெருவிளக்கு வெளிச்சம் தரையில் பட்டு ஊரே வெளுத்துத் தெரியும். நவம்பரில் அந்தப் பனியும் இல்லை. மழையும் ஈரத் தார் ரோடுமாக எங்கு பார்த்தாலும் கறுப்பு. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இந்த மாதத்தில் சோர்ந்துதான் போகிறார்கள். ஈரோட்டு வெயிலில் வளர்ந்த உடம்பு மூன்றே மாதத்தில் இதற்குப் பழகவேண்டும் என்று நீ எதிர்பார்க்கக் கூடாது.

அதனால் உடம்பை முதலில் கவனி. சாப்பாட்டு மேசையில் வைக்கிற பிரகாசமான விளக்கு ஒன்று எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், 10,000 லக்ஸ் என்று போட்டிருப்பார்கள். காலையில் காபி குடிக்கும்போது அரை மணி நேரம் அதற்கு முன்னால் உட்கார். கண்ணில் ஏதாவது பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கு. மதிய இடைவேளையில் பத்து நிமிடமாவது வெளியே நட, மேகம் மூடியிருந்தாலும் அது பகல் வெளிச்சம்தான். பாலில் வைட்டமின் டி சேர்த்தே விற்கிறார்கள், ஆனாலும் மாத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொள். இதெல்லாம் செய்தும் தூக்கம், பசி எல்லாம் கெட்டு வாரக்கணக்கில் அழுகையாகவே வந்தால், உன் அலுவலகத்துக்கு என்று இருக்கிற மருத்துவ சேவைக்குப் போன் செய். இங்கே இதற்காக டாக்டரைப் பார்ப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீயும் கூச்சப்படாதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மனசு வரட்டும், அப்புறம் ஊசியைத் தொடலாம் என்று காத்திருந்தால் இந்த ஊரில் ஏப்ரல் ஆகிவிடும். ஊரில் உனக்கு அந்த மனசு தானாக வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பிளவுஸ் கேட்டாள், கல்யாணத் தேதி நெருங்கியது, ஜன்னல் வழியாக வெயில் வந்தது, அதனால் உட்கார்ந்தாய். அந்தத் தூண்டுதல் எதுவும் இங்கே இல்லை. அதற்குப் பதில் இங்கே இருப்பது காலண்டரும் முன்பதிவும்தான். இந்த நாட்டுக்காரர்கள் சந்தோஷத்தைக்கூட தேதி குறித்துத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் எனக்கும் இது விநோதமாகத்தான் இருந்தது. இப்போது இதுதான் என்னைத் தாங்குகிறது.

உன் விஷயத்தில் முதல் முன்பதிவு 'ஓடி' என்கிற பொது நூலகத்தில். ஹெல்சிங்கி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பாராளுமன்றத்துக்கு எதிரே இருக்கிறது. 2018 டிசம்பர் 5 அன்று, இந்த நாட்டுச் சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்து ஒரு மாடி ஏறினால் தையல் இயந்திரம், ஓவர்லாக் இயந்திரம், முப்பரிமாண அச்சு இயந்திரம், இசை பதிவு செய்யும் அறை என்று வரிசையாக இருக்கும். தையல் இயந்திரத்துக்குக் காசு கிடையாது. துணியும் நூலும் கொண்டு போனால் போதும். இணையத்தில் நேரம் பதிவு செய்துகொள்ளலாம். எஸ்போவில் ஈசோ ஓமேனா வணிக வளாகத்துக்குள் இருக்கிற நூலகத்திலும் இப்படி ஒரு பட்டறை உண்டு, உனக்கு அது பக்கம். ஹெல்சிங்கி, எஸ்போ, பக்கத்திலிருக்கிற வந்தா நகரம் எல்லாவற்றுக்கும் ஒரே நூலக அட்டைதான்.

சனிக்கிழமை இரண்டு மணி என்று பதிவு செய்துவிட்டால், உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவாய். போய் உட்கார்ந்து நாலு தையல் போட்ட பிறகு கை தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். பெரிதாக எதுவும் யோசிக்காதே. தலையணை உறை தை, புடவைக்கு ஃபால்ஸ் அடி, அது போதும். பக்கத்து இயந்திரத்தில் ஒரு பையன் ஜீன்ஸ் கிழிசலை ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பான், ஒரு பாட்டி பேரனுக்குக் கால்சட்டை தைத்துக்கொண்டிருப்பார். யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதே, அவர்கள் சுபாவம் அது. ஆனால் கைவேலையைப் பற்றி நீயாக ஒரு கேள்வி கேட்டுப் பார், அவர்களால் நிறுத்தவே முடியாது. நீ ஆரி ஊசியை எடுத்து மரச்சட்டத்தில் சங்கிலித் தையல் போட ஆரம்பித்தால் "இது என்ன குரோஷா ஊசியா?" என்று அவர்களே கேட்டுவிடுவார்கள். எனக்கு இந்த ஊரில் கிடைத்த நல்ல சிநேகிதிகள் இரண்டு பேரும் இப்படி நூலைப் பற்றிப் பேச ஆரம்பித்துக் கிடைத்தவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். இருட்டில் நடக்கிறவர்கள் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை அணிய வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. ஜாக்கெட்டில் எல்லோரும் தொங்கவிட்டிருக்கிற அந்தச் சின்ன வில்லையை நீயும் பார்த்திருப்பாய். அதே மாதிரி ஒளிரும் நூல் கைவினைக் கடைகளில் கிடைக்கிறது. பகலில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம், கார் வெளிச்சம் பட்டால் வெள்ளியாக மின்னும். உன் கறுப்புக் குளிர் ஜாக்கெட்டின் முதுகில் அந்த நூலால் ஒரு மயிலைப் போட்டுப் பார்! பிளவுஸ் முதுகில் போடுகிற அதே மயில்தான். கனமான துணியில் ஆரி ஊசி சிரமப்படும், அதனால் தனித் துணியில் போட்டு மேலே வைத்துத் தைத்துக்கொள். நம் கைவேலைக்கு இந்த இருட்டில் இப்படி ஓர் உபயோகம் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஊரில் யாருக்கும் இந்த மயில் தேவைப்படாது. இங்கே அது உன்னைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

அடுத்தது மாலை வகுப்பு. நகராட்சி பெரியவர்களுக்காக நடத்துகிற கல்வி நிலையங்கள் இங்கே உண்டு, ஓபிஸ்தோ என்பார்கள். மண்பாண்டம், மரவேலை, நெசவு, பாட்டு, மொழி என்று எது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், கட்டணமும் கட்டுப்படியாகிறதுதான். நீ நெசவில் சேர் என்று சொல்வேன். பழைய சட்டை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் பட்டையாகக் கிழித்து, குறுக்கிழையாகக் கொடுத்துத் தரைவிரிப்பு நெய்வார்கள். கோடு கோடாக வருகிற அந்த விரிப்பைப் பார்த்தால் பவானி ஜமக்காளம் பார்த்து வளர்ந்த உனக்கு அந்நியமாகவே தெரியாது. கோடையில் அந்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு கடலோரத்துக்குப் போய், அதற்கென்றே நகராட்சி போட்டிருக்கிற மேடைகளில் பைன் மர எண்ணெய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் துவைப்பார்கள். பிழிவதற்கு உருளை இயந்திரம், காயப்போடக் கம்பிகள் எல்லாம் அங்கேயே இருக்கும். ஜூன் மாத வெயிலில், முழங்கால்வரை நனைந்துகொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு விரிப்புத் துவைத்தபோதுதான் இந்த ஊர் எனக்கும் சொந்தம் என்று முதன்முதலாகத் தோன்றியது.

வகுப்பில் நடுவே காபி இடைவேளை கட்டாயம் உண்டு. காபியோடு வரும் பன்னில் ஏலக்காய் போட்டிருப்பார்கள். ஏலக்காய் வாசனை வராத பன்னை இங்கே யாரும் பன்னாகவே மதிப்பதில்லை. பேக்கரியைக் கடக்கும்போது பாயச வாசனை மாதிரி ஏதோ வருகிறதே என்று நீயும் திரும்பிப் பார்த்திருப்பாய், அதுதான்.

சமையலறையையும் விட்டுவிடாதே. கடையில் உறைய வைத்த பெட்டிகளில் சின்னச் சின்ன சிவப்புப் பழம் இருக்கும், புவோலுக்கா என்று எழுதியிருக்கும். நல்ல புளிப்பு, லேசான துவர்ப்பு. நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, பழத்தைப் போட்டு வதக்கி, மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயப் பொடி, பெருங்காயம், உப்பு, கொஞ்சம் வெல்லம் சேர்த்துச் சுருள வை. தயிர்சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொக்கு ஊரிலும் கிடைக்காது என்று தைரியமாகச் சொல்வேன். தாளிக்கும்போது அடுப்புக்கு மேல் இருக்கிற காற்றுறிஞ்சியை முழு வேகத்தில் வை, இல்லாவிட்டால் புகை அலாரம் கத்தும்.

அடுத்த செப்டம்பரில் அந்தப் பழத்தை நீயே காட்டில் பறிக்கலாம். தனியார் காடாக இருந்தாலும், வீட்டு முற்றத்தை நெருங்காதவரை, யார் வேண்டுமானாலும் போய் காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம் என்பது இந்த நாட்டின் உரிமை. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீலநிற அவுரிநெல்லிப் பழம், செப்டம்பரில் இந்தச் சிவப்புப் பழம், அப்புறம் காளான். காளானைத் தெரிந்தவர்கள் துணை இல்லாமல் பறித்துத் தின்றுவிடாதே. வெள்ளையாக அழகாக நிற்கிற ஒரு வகை ஆளையே கொன்றுவிடும்.

அதுவரை இடையில் வருகிற நாட்களைக் குறித்துக்கொள். டிசம்பர் 6 மாலை ஆறு மணிக்கு வீட்டு ஜன்னல்களில் இரண்டிரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நம் கார்த்திகையும் ஏறக்குறைய அதே சமயத்தில் வரும். நான் ஜன்னலில் அகல்தான் வைக்கிறேன், கீழே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை ஹியெதானியெமி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார், பனிக்கு நடுவே கல்லறைதோறும் விளக்கு எரியும். பிப்ரவரியில் பாதாம் விழுதும் கிரீமும் வைத்த பன் வரும். நூக்சியோ காட்டுக்குப் போனால் நெருப்பு மூட்டுகிற இடத்தில் விறகு இலவசம், சோளக்கதிர் கொண்டு போய்ச் சுட்டுச் சாப்பிடலாம். பிப்ரவரி வந்துவிட்டால் வெளிச்சம் வேகமாகத் திரும்பும், அலுவலகம் விட்டு வரும்போது வானத்தில் இன்னும் நீலம் இருக்கும்.

இந்த வாரம் இரண்டே வேலை செய். வசந்த கால வகுப்புகளுக்கான பதிவு எப்போது தொடங்குகிறது என்று எஸ்போ ஓபிஸ்தோ பக்கத்தில் பார். பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் இருக்கும். நெசவும் மண்பாண்டமும் திறந்த உடனே நிரம்பிவிடும், அதனால் அலாரம் வைத்துக்கொள். மரச்சட்டத்தையும் ஆரி ஊசிகளையும் அம்மாவிடம் சொல்லி, பொங்கலுக்கு ஊர் போய்வருகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல். அதுவரை காத்திருக்க வேண்டாம், வரும் சனிக்கிழமை மதியம் ஈசோ ஓமேனாவில் நேரம் கிடைத்தால் பதிவு செய்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. என் வீட்டுத் திரைச்சீலைகள் ஓரம் அடிக்காமல் கிடக்கின்றன, எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.