கரண்ட் போனபின் உபுண்டு திறக்கவில்லையா? முதலில் நகல் எடுங்கள்

அண்ணே, யாங்கூன் மின்வெட்டு நமக்குப் பழகிவிட்டது, டிஸ்குக்குப் பழகாது. உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) முழுதாகத் திறக்காமல் 'இனிட்ராம்எஃப்எஸ்' (initramfs) என்ற ஆரம்பக் கட்டக் கருப்புத் திரையில் நிற்கிறது, உள்ளே மகள் கல்யாணப் படங்கள் என்கிறீர்கள். அவசரப்பட்டு எஃப்எஸ்செக் (fsck) கட்டளையை ஓட்டாதீர்கள். அது கோப்பு முறைமையை, அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பைத்தான், சரிசெய்யும். படங்கள் பிழைக்குமா என்பது அதன் கவலை இல்லை.

லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே ஓடும் உபுண்டு) பூட் செய்து, படங்கள் உள்ள பார்டிஷனை மவுண்ட் செய்யாமல் (திறக்காமல்), டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நகலெடுக்கும் கருவியால் வெளி ஹார்ட்டிஸ்கில் முழு நகல் எடுங்கள். எதுவரை நகல் ஆனது என்று அது குறித்துவைக்கும் மேப் கோப்பையும் அதே வெளி டிஸ்கில் வையுங்கள். நடுவில் மறுபடி கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். (நான் மேப் கோப்பை, கரண்ட் போனால் அழிந்துவிடும் லைவ் சிஸ்டத்திலேயே வைத்து ஒரு ராத்திரி வேலையைத் தொலைத்தவன்.)

அப்புறம் நகலின் மேல் மட்டும் இ2எஃப்எஸ்செக் (e2fsck, இஎக்ஸ்டி வகைக்கான எஃப்எஸ்செக்) ஓட்டுங்கள். சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் அடிப்படைத் தகவல் உள்ள இடம்) கெட்டிருந்தால் '-b 32768' சேருங்கள். 4 கேபி பிளாக் உள்ள இஎக்ஸ்டி4 (ext4, உபுண்டுவின் வழக்கமான கோப்பு முறைமை)-இல் சூப்பர்பிளாக்கின் முதல் மாற்றுப்பிரதி வழக்கமாக அங்கேதான் இருக்கும். பெயர் போன படங்கள் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் # போட்ட எண்களாகக் கிடக்கும். அங்கும் இல்லையென்றால் ஃபோட்டோரெக் (PhotoRec) என்ற படம் மீட்கும் கருவி.