கொடுமைக்காரப் பாட்டி வேடம் எனக்காம்!

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 63. சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்துத் திடலில் 'குழந்தையும் தெய்வமும்' படம் காட்டினார்கள். அப்பா பாய் விரித்து, பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் 'கோழி ஒரு கூட்டிலே' பாடிக்கொண்டே வந்தார். இப்போது அப்பா இல்லை. ரப்பர் பால் மரமெல்லாம் போய் செம்பனை வந்துவிட்டது. நாங்களும் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். ஈப்போவில் படிக்கும் என் பேத்தி, பிரிந்துபோன அப்பா அம்மாவை இரட்டைப் பிள்ளைகள் சேர்த்துவைக்கும் அந்தக் கதையை 'இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி' குறும்படமாக எடுக்கப் போகிறாளாம். இரட்டைப் பிள்ளைகள் டிக்டாக்கில் சந்திக்கிறார்களாம். கேட்டதுமே வயிற்றைக் கலக்கியது. போதாக்குறைக்குக் குடும்பத்தைப் பிரிக்கும் பாட்டி வேடம் எனக்காம்! போன வாரம் யூடியூப்பில் படத்தை மறுபடி பார்த்தேன். அழுதேன். ஆனால் சில இடங்களில் நெளியவும் செய்தேன். மாட்டேன் என்றால் பிள்ளை முகம் வாடும். சரி என்றால் அப்பாவுக்குத் துரோகம் செய்தமாதிரி இருக்கிறது. என்ன செய்ய?

— ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, தாராளமாக நடியுங்கள்.

துரோகம் என்று பெரிய வார்த்தை எழுதிவிட்டீர்கள். உங்கள் அப்பா திடலில் உட்கார்ந்து பார்த்ததே ஒரு ரீமேக்தான். எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1949-இல் எழுதிய சிறுவர் நாவல்தான் மூலம். அதை வைத்து வால்ட் டிஸ்னி நிறுவனம் 1961-இல் 'த பேரண்ட் ட்ராப்' எடுத்தது. அதைப் பார்த்து ஏவிஎம் 1965-இல் எடுத்ததுதான் நம் படம். இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சு அதோடு விட்டார்களா? அதே கதையைத் தெலுங்கில் 1966-இலும் இந்தியில் 1968-இலும் அவர்களே எடுத்தார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தால் அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போயிருப்பாரா என்ன?

கதை எங்கிருந்து வந்தால் என்ன, நம் வீட்டுக் கதையாகத்தானே ஒட்டிக்கொண்டது. ஆங்கிலப் படத்தில் அப்பாவைக் கல்யாணம் செய்துகொள்ள வரும் இளம்பெண்தான் தொல்லை. நம் படத்தில் அந்த இடத்தில் பணத்திமிர் பிடித்த மாமியார் வந்து நின்றார். மாப்பிள்ளையை மட்டம் தட்டும் மாமியாரைத் திடலில் உட்கார்ந்திருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அப்புறம் அந்தப் பாட்டு. அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் என்ற சங்கடத்தைக் கோழியையும் சேவலையும் வைத்து ஒரு குழந்தை பாடுகிறது. எம்.எஸ்.ராஜேஸ்வரியின் குரல், குட்டி பத்மினியின் முகம். யார் மறுபடி எடுத்தாலும் இந்த இரண்டும் கிடைக்காது. பேத்தியிடம் அந்தப் பாட்டைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

நெளிந்த இடங்கள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன். குடும்பம் உடைந்தால் பழி முழுக்கப் பெண்கள் தலையில். ஒருத்தி திமிர் பிடித்தவள், இன்னொருத்தி அம்மா பேச்சைக் கேட்டுக் கெட்டவள். அப்பாவாக வரும் ஜெய்சங்கர் மட்டும் பாவப்பட்ட மனிதர். ஒரு குழந்தையை வளர்த்தவர், இன்னொன்றை இத்தனை வருடம் ஏன் எட்டிப் பார்க்கவில்லை? சின்னப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது. 63 வயதில் வரத்தான் செய்யும். அப்பாவோடு பார்த்த படத்தில் குறை கண்டதற்காக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு இந்த வேடத்தைக் கொடுத்ததைத்தான் நான் நல்ல சகுனம் என்பேன். பழைய படத்தில் பாட்டிக்கு ஆணவம் தவிர வேறு நியாயம் பெரிதாக இல்லை. உங்கள் படத்தில் இருக்கட்டும். விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டி மகளைப் படிக்கவைத்த ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளின் பள்ளிக் கட்டண ரசீதுகளை இன்னும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாள். நிரந்தர வேலை இல்லாத ஒருவனை மகள் கட்டிக்கொண்டால், மறுபடி லயத்து வாழ்க்கைதானோ என்று அவளுக்குப் பயம் வராதா? செய்தது தப்புதான். ஆனால் பயந்து செய்தாள் என்றால் பார்ப்பவர்களுக்கு உறைக்கும். அந்த வசனத்தை மாணவர்கள் எழுதினால் சரியாக வராது, நீங்களே எழுதிக் கொடுங்கள்.

டிக்டாக் விஷயத்தில் நான் பேத்தி கட்சி. ஒரே முகம் இரண்டு இருந்தால் இன்று முதலில் அங்கேதான் மாட்டும். ஆனால் ஒன்று கேளுங்கள்: கைக்குக் கை போன் இருக்கும் காலத்தில், தனக்கு ஒரு உடன்பிறப்பு இருப்பதே தெரியாமல் இரண்டு பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்? சொந்தக்காரர் ஒருவர்கூடவா வாய் தவறவில்லை? இதற்குப் பதில் இருந்தால் படம் நிற்கும்.

ஒரே பெண்ணை இரட்டை வேடத்தில் நடிக்கவைக்கப் போகிறார்கள் என்றால் இன்னொரு யோசனை. அந்தக் காலத்தில் கேமராவை அசையாமல் நிறுத்தி, லென்ஸில் பாதியை மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறுபாதியை இன்னொரு முறை எடுப்பார்கள். குழந்தை வெறும் காற்றைப் பார்த்துப் பேச வேண்டும். இன்று ஒட்டும் வேலையைக் கணினி செய்துவிடும், பார்வையைச் சரிசெய்யாது. எதிரே அதே உயரத்தில் ஒரு பிள்ளையை நிறுத்திவைத்துப் பேசச் சொல்லுங்கள்.

படப்பிடிப்புக்கு முன் அந்தக் கூட்டத்தையே வீட்டுக்குக் கூப்பிட்டு, பழைய படத்தை முழுதாக ஓட்டிக் காட்டுங்கள். ஒன்றரை மடங்கு வேகமெல்லாம் கூடாது. ஏறக்குறைய சதுரத் திரைக்கு எடுத்த படம் அது. அகல டிவியில் இழுபட்டு முகங்கள் குண்டாகத் தெரிந்தால் ரிமோட்டில் 4:3 என்று மாற்றிவிடுங்கள். நீங்கள் நெளிந்த இடம் வரும்போது நிறுத்தி, ஏன் என்று அவர்களிடமே சொல்லுங்கள். கதை எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைவிட உதவி வேறு இல்லை.