உளவு நாவல் எழுத எதைப் படிப்பது? செங்கோட்டையிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "உளவு, திரில்லர் நாவல்கள் எழுத ஆசை. கற்றுக்கொள்ள எந்தெந்த நாவல்களைப் படிக்கலாம்? தமிழில் படிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா, இல்லை ஆங்கிலம்தானா?"

அந்தக் கடைசி வரி கொஞ்சம் சுட்டது. இருக்கட்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர், ராத்திரி விழித்திருந்து ஓடிடியில் தொடர் பார்த்துவிட்டு "இதை நம்மாலும் எழுத முடியுமே" என்று நினைத்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். தவறென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் தென்காசிப் பக்கம், கேரள எல்லையோரச் செங்கோட்டைக்காரன். லாரி புக்கிங் ஆபீசில் பில் எழுதியே காலம் போனது. நடுவில் புனைபெயரில் சில மாத நாவல்கள் எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை.

முதலில் ஃபிரெடரிக் ஃபோர்சைத் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜாக்கல்'. 1971-ல் வந்தது. பிரான்ஸ் அதிபர் டி கோலைக் கொல்ல ஒரு கூலிக் கொலைகாரனை அமர்த்துகிறார்கள். டி கோல் 1970-ல் தன் வீட்டில் இயற்கையாகச் செத்துப்போனவர். அதாவது, புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே கொலை நடக்கப்போவதில்லை என்று வாசகனுக்குத் தெரியும். தெரிந்தும் ராத்திரி இரண்டு மணி வரை புரட்டுகிறான். ஏன் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

ஜாக்கல் என்கிற அந்தக் கொலைகாரன் போலி பாஸ்போர்ட் எடுக்கிற இடத்தைக் கவனியுங்கள். கிராமத்துக் கல்லறையில் சின்ன வயதிலேயே இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரைக் குறித்துக்கொள்கிறான். அந்தப் பெயருக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குகிறான். அதைக் காட்டி விண்ணப்பம் போடுகிறான். அடிதடி கிடையாது, வெறும் ஆபீஸ் வேலை. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறோம். துப்பாக்கி செய்து தருபவருக்கு ஒரு துண்டு தெரியும், போலிப் பத்திரம் தயாரிப்பவனுக்கு இன்னொரு துண்டு தெரியும். மறுபக்கம் லெபெல் என்ற போலீஸ் அதிகாரி, பெயரே தெரியாத ஓர் ஆளைத் தேட வேண்டும். இரண்டு பக்கமும் நடப்பது வாசகனுக்கு மட்டும்தான் தெரியும். முடிவு என்ன என்பதில் இல்லை விறுவிறுப்பு. யாருக்கு எது எப்போது தெரிய வருகிறது என்பதில் இருக்கிறது. திரில்லரில் எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அலங்காரம்.

இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் ஒரு ஆசிரியரோடு எனக்குச் சண்டையே வந்தது.

எங்கள் ஊர் வாஞ்சிநாதனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, நடைமேடைக் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டவர். பள்ளிக்கூடத்தில் இவ்வளவுதான் சொல்லித் தருவார்கள். ஆனால் இதற்குள் ஒரு முழு உளவு நாவல் இருக்கிறது. அன்றைக்குச் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வாஞ்சி வேலை பார்த்தது மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில், சமஸ்தானத்துக் காட்டிலாகாவில். சுட்டது பிரிட்டிஷ் எல்லைக்குள். துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனது புதுச்சேரிக்கு. அது பிரெஞ்சுக்காரன் மண். ஒரு கொலைக்குள் மூன்று அரசாங்கம். பாரதியும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரியில் இருந்தார்கள். பிரிட்டிஷ் போலீஸ் அங்கே போய்க் கைது செய்ய முடியாது என்பதால் ஒற்றர்களை அனுப்பிக் கண்காணித்தது. பத்து வருஷம் அங்கேயே இருந்துவிட்டு, 1918-ல் பாரதி எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்ததுமே பிடித்துவிட்டார்கள். எல்லைக்கோடு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்? பெர்லின் சுவரெல்லாம் அரை நூற்றாண்டு பிந்தி வந்தது.

இதை நான் ஜாக்கல் பாணியில் எழுதினேன். ஒரு அத்தியாயம் புனலூர், ஒரு அத்தியாயம் புதுச்சேரி. கொல்லம் ரயில் பாதை போட்டு அப்போது ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. எந்த ஊரில் வண்டி மாற வேண்டும், புனலூர் ஆபீசில் லீவு சொன்னதை யார் குறித்துவைத்திருப்பார்கள், ஆஷ் குடும்பம் கொடைக்கானல் புறப்படுகிற விஷயம் வெளியே எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கட்டினேன். ரிட்டயர்டான ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அண்ணாச்சி வீட்டில் உட்கார்ந்து, ஜங்ஷனில் இணைப்பு வண்டி வரும்வரை பெட்டி எப்படிக் காத்து நிற்கும் என்று படம் போட்டே கேட்டுக்கொண்டேன். புதுச்சேரியில் வேவு பார்க்கிற ஒரு ஒற்றன்தான் என் நாயகன். அவன் மட்டும் கற்பனை. மேலதிகாரிக்கு எது பிடிக்குமோ அதையே ரிப்போர்ட்டில் எழுதி எழுதி, உண்மையான செய்தி கையில் கிடைத்தபோது அவனை நம்ப ஆளில்லை.

டீக்கடையில் கதையைச் சொன்னபோது ஒரு கூட்டாளி கேட்டார்: "செத்தது யாருன்னு தெரியும், சுட்டது யாருன்னும் தெரியும். இதுல என்னத்தவே துப்பறியப் போறீரு?" அவர் கேட்கலாம், அவர் அரிசி வியாபாரி. அதையே ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டபோதுதான் கோபம் வந்தது. "அஞ்சாம் கிளாஸ் பையனுக்கே முடிவு தெரியும், சஸ்பென்ஸ் எங்க சார்?" என்றார். டி கோலை யாரும் கொல்லவில்லை என்று உலகத்துக்கே தெரிந்த பிறகுதானே அந்த நாவல் விற்றது என்றேன். "அது யாரு சார்?" என்றார். கதையைச் சென்னைக்கு மாற்றி, ஒரு ஐ.பி.எஸ். அதிகாரியும் அவர் காதலியும் வருகிற மாதிரி செய்தால் போடலாம் என்றும் ஒரு யோசனை சொன்னார். பிரதி இன்றுவரை திரும்பி வரவில்லை. எந்தப் பத்திரிகை என்று சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் ஆஷ் நல்லவரா, வாஞ்சி செய்தது சரியா, அவர் சட்டைப் பையில் இருந்த கடிதத்துக்கு என்ன அர்த்தம், சாதி இதில் எங்கே வருகிறது என்று சிலர் கிளம்புவீர்கள். அதெல்லாம் பேச வேண்டிய விஷயங்கள்தான், நானும் பேசுவேன். ஆனால் இங்கே கேட்கப்பட்டது நாவல் பற்றி. நான் யாருக்கும் சிலை வைக்கவில்லை.

சரி, அடுத்தது ஜான் லெ காரே. 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃபிரம் தி கோல்ட்', 1963. இவரும் புனைபெயர்க்காரர்தான்; பிரிட்டிஷ் உளவுத்துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டே எழுதியதால் சொந்தப் பெயரில் வெளியிட முடியவில்லை. நாவல் ஒரு சோதனைச் சாவடியில் தொடங்குகிறது. இந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார், அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வர வேண்டும். இருப்பது காத்திருப்பு மட்டும்தான். கேரள எல்லைச் சாவடியான புளியரை வழியாக லோடு அனுப்பிய எனக்கு அந்தக் காத்திருப்பு ரொம்பப் பழக்கம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வணிகவரிச் சாவடிகள் இருந்த காலத்தில், பில்லில் பழைய பேப்பர் என்று இருக்கும், தார்ப்பாய்க்கு அடியில் என்ன என்று புரோக்கருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியாது, அதிகாரிக்குச் சந்தேகம் மட்டும் இருக்கும். மாட்டினால் உள்ளே போவது டிரைவர். லெ காரேயின் நாயகன் அந்த டிரைவர்தான். முடிவைச் சொல்ல மாட்டேன். ஜாக்கலில் வாசகனுக்கு எல்லாம் தெரியும். இதில் நாயகனுக்குத் தெரியாத ஒன்று உண்டு, நமக்கும் தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் பாதிப் பாடம் முடிந்தது.

அவருடைய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1974) பலருக்கும் ஓடாது. ஆரம்பத்தில் யார் யாரென்றே பிடிபடாது. தங்கள் ஆபீசுக்குள்ளேயே இருக்கும் ரஷ்ய ஒற்றனை ஸ்மைலி என்ற வயதான மனிதர் பழைய ஃபைல்களைப் படித்தும், வேலையை விட்டுப் போனவர்களிடம் பேச்சுக் கொடுத்தும் கண்டுபிடிக்கிறார். அதைப் பொறுமையாகப் படித்தவர் உரையாடல் எழுதக் கற்றுக்கொள்வார். கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை, கவனியுங்கள்.

இந்தப் புத்தகத்தை ஆன்லைனில் வாங்கிய கதை தனி. கொரியர் ஆள் போன் போட்டு, "சார், செங்கோட்டைக்கெல்லாம் வர்றதில்ல, தென்காசி வந்து வாங்கிக்கங்க" என்பார். முகவரியில் பின்கோடு போட்டுத்தானே காசு வாங்கினீர்கள் என்றால் பதில் கிடையாது. போகாவிட்டால் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் வீட்டில்தான் இருக்கிறேன் ஐயா, ரிட்டயர்டு ஆள் வேறெங்கே போவேன்? மெட்ரோ நகரத்தில் பத்து நிமிஷத்தில் கொத்தமல்லி வருகிறதாம். இங்கே ஒரு நாவலுக்குப் பஸ் டிக்கெட் போட வேண்டியிருக்கிறது. எல்லையோரத்து ஊர் என்றால் இரண்டு பக்கத்துக்கும் கடைசிதான் போல. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

இன்னும் இரண்டு. எரிக் ஆம்ப்ளரின் 'தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ்' (1939): ஒரு துப்பறியும் கதை எழுத்தாளரே செத்துப்போன ஒரு குற்றவாளியின் பழைய தடத்தைத் தேடிப் போகிறார். சாதாரண ஆள் ஆபத்துக்குள் எப்படி நுழைகிறான் என்பதற்கு இதுதான். கிரஹாம் கிரீனின் 'அவர் மேன் இன் ஹவானா' (1958): வாக்குவம் கிளீனர் விற்கிறவர் பணத்துக்காக ஒற்றராகி, கிளீனரின் பாகங்களையே ரகசிய ஆயுதம் என்று வரைந்து லண்டனுக்கு அனுப்புகிறார். லண்டன் நம்புகிறது. என் புதுச்சேரி ஒற்றனை எங்கே பிடித்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். ஜேம்ஸ் பாண்ட் எங்கே என்று கேட்பீர்கள். படிக்க ஜாலியாக இருக்கும், படியுங்கள். எழுதக் கற்றுக்கொள்ள அதில் எனக்கு அதிகம் கிடைக்கவில்லை.

இப்போது தமிழ். "படிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா" என்றால் என்ன அர்த்தம்? சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளை எடுத்து, ஒரு பக்கத்தில் எத்தனை வரி பேச்சு, எத்தனை வரி வர்ணனை என்று பாருங்கள். வசந்த் அடிக்கிற ஜோக்குக்கு நடுவே துப்பு ஒன்று போகும். கோவையின் ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கு மேல் எழுதிக் குவித்தவர். சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி மாற்றி ஓட்டிக் கடைசியில் முடிச்சுப் போடுவார். அது எல்லோருக்கும் வராது, முயன்று பார்த்தால் தெரியும். பட்டுக்கோட்டை பிரபாகரிடமும், சுபா என்ற பெயரில் எழுதும் இரட்டையரிடமும் வேகம் கற்கலாம். சங்கர்லாலை வெளிநாடெல்லாம் அனுப்பிய தமிழ்வாணனைப் பார்த்து இன்றைக்குச் சிரிக்கிறவர்கள், அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் அவரால் புத்தகம் படிக்கப் பழகினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. மாதம் தவறாமல் எழுதினால் சிலது சொதப்பத்தான் செய்யும். ஆனால் முழுநீள உளவு நாவல் நம்மிடம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன், உங்களுக்கு அங்கே இடம் காலியாக இருக்கிறது.

மலையாளம் படிக்கத் தெரிந்தால் கோட்டயம் புஷ்பநாத்தையும் பாருங்கள். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் போனால் வார இதழில் அவர் தொடரைத் தேடி வாங்கிவருவோம். வரலாற்று ஆசிரியராக இருந்தவர். மார்க்ஸின், புஷ்பராஜ் என்று இரண்டு துப்பறிவாளர்களை வைத்து நூற்றுக்கணக்கில் எழுதினார். தமிழிலும் வந்திருக்கின்றன. வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம் என்று எனக்கு முதலில் தோன்றியது அவரைப் பார்த்துத்தான்.

ஜாக்கலில் தொடங்குங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யாருக்கு என்ன தெரியும் என்று ஓரத்தில் குறியுங்கள். அலுப்பான வேலைதான். அப்புறம் உங்கள் கதைக்கும் அதே பட்டியலைப் போட்டுப் பாருங்கள், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். எழுதி முடித்ததும் யாருக்கு அனுப்புவதாக இருந்தாலும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.