பதவியில் இருக்கும் தலைவரின் வாழ்க்கைப் படத்தைத் தேர்தல் நேரத்தில் ஏன் தடுக்கிறார்கள்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு: படம் எடுப்பது குற்றமில்லை, வெளியிடும் நாள்தான் சிக்கல். இந்தியாவில் ‘பிஎம் நரேந்திர மோடி’ படத்தை 2019 ஏப்ரல் 10 அன்று, முதற்கட்ட வாக்களிப்புக்கு முதல் நாள், தேர்தல் ஆணையம் நிறுத்தியது. முடிவுகள் மே 23இல் வந்தன; படம் மறுநாள் திரைக்கு வந்தது.

அந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன். மேடைக்கும் சுவரொட்டிக்கும் வேட்பாளரிடம் செலவுக் கணக்குக் கேட்கலாம். இரண்டு மணிநேரப் புகழ்ச்சிக்கு யார் கணக்குக் காட்டுவார்? ஜோர்ஜ் புஷ் பதவியில் இருந்தபோதே, 2008 ஒக்டோபரில், அவரைப் பற்றிய படம் வெளியானது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு நடந்த அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை.

நம் நாட்டில் வாக்களிப்புக்கு முந்திய 48 மணிநேரம் பிரசாரம் கூடாது. அந்த நேரத்தில் மட்டக்களப்புத் திரையரங்கில் இப்படியொரு படம் ஓடினால், அதையும் பிரசாரமாகவே கருத வேண்டும்.