பல நாட்டு மக்கள் சேர்ந்து வாழும் இடத்தில் பொழுதுபோக்குகள் வழியே பண்பாட்டுப் பன்மையைக் கொண்டாட முடியுமா? ஆண்டுக்கொரு விழா எடுத்தால் போதாதா?

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: பேசவே கூச்சப்படுகிறவர்கள் என்ன செய்வது என்று. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில், முடியும். ஆனால் 'பண்பாட்டைக் கொண்டாடப் போகிறோம், எல்லாரும் வாருங்கள்' என்று அறிவித்துவிட்டு ஆரம்பித்தால் முக்கால்வாசி நேரம் உப்புச்சப்பில்லாமல் முடியும். செஸ் ஆட வாருங்கள், பின்ன வாருங்கள், ஓட வாருங்கள் என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஆட்கள் அந்த வேலைக்காக வருவார்கள். அவரவர் பண்பாடு அவரவர் கையோடு வந்து சேரும்.

ஆண்டு விழாவின் மீது எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. ஐ.நா. சபையே மே 21ஆம் தேதியைப் பண்பாட்டுப் பன்மைக்கான நாளாக ஒதுக்கியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அது நல்ல கொண்டாட்டம். பெரியவர்களுக்குத்தான் சிக்கல். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேசை, மேசை மேல் ஒரு கொடி, பின்னால் பாரம்பரிய உடையில் ஒருவர். சுற்றிப் பார்க்க வருபவர் இரண்டு நிமிடம் நிற்கிறார், படம் எடுத்துக்கொள்கிறார், அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். பின்னால் நிற்பவர் அன்றைக்கு முழுக்கத் தன் நாட்டின் தூதர். அந்த நாட்டிலேயே பாதிப் பேர் ஏற்றுக்கொள்ளாத வழக்கத்துக்கும் அவர்தான் விளக்கம் சொல்லியாக வேண்டும். என் தோழி ஒருத்தி வருஷா வருஷம் இதைச் செய்துவிட்டு, 'நான் தினமும் போடுவது ஜீன்ஸ், அதை இவர்களிடம் சொன்னால் ஏமாந்துபோவார்கள்' என்று சிரிப்பாள். அந்த விழாவில் அவளோடு நட்பானவர் என்று ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் அவள் நன்றாகப் பேசுகிறவள்.

இனி என் கதை. நான் பல வருடங்களாக ஒரு பின்னல் குழுவில் இருக்கிறேன். கம்பளி நூல், இரண்டு ஊசி, வாரம் ஒரு சாயங்காலம். இரண்டு ஊசியால் கண்ணி போடுவதில் என்ன பெரிய பண்பாடு என்று தோன்றும். நூலைப் பிடிக்கும் விதத்திலேயே பல மரபுகள் உண்டு. பிரிட்டன் வழியில் கற்றவர்கள் நூலை வலக்கையில் வைத்து ஊசி மேல் சுற்றிப் போடுவார்கள். ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா பக்கம் நூல் இடது ஆள்காட்டி விரலில் கிடக்கும், ஊசி முனை அதைக் கொத்தி எடுக்கும். போர்ச்சுகலிலும் பெருவிலும் நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இடது கட்டைவிரலால் சுண்டிவிடுகிற முறை இருக்கிறது. பின்னி முடித்த துணியை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் எது எந்த முறையில் போட்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஸ்வெட்டர் பின்னுபவர்களுக்குத் தெரியும், ஒரு நேர் வரிசை போட்டால் அடுத்தது பர்ல் வரிசை. நூலை முன்பக்கம் கொண்டுவந்து போட வேண்டும். அநேகம் பேருக்கு அது எரிச்சல் பிடித்த வேலை, வேகம் பாதியாகக் குறைந்துவிடும். பெருவிலிருந்து வந்த ஓர் அம்மா முதல்முறை எங்களோடு உட்கார்ந்தபோது ஓரத்து நாற்காலியில்தான் இருந்தார். நாங்கள் பேசும் மொழி அவருக்கு அரைகுறை. அவர் மொழி எங்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. நூலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பர்ல் வரிசையைக் கட்டைவிரலால் சுண்டிச் சுண்டி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டார். அந்த முறையில் நூல் ஏற்கெனவே முன்பக்கம்தான் இருக்கும், அதனால் மற்றவர்களுக்குக் கஷ்டமானது அவருக்குச் சுலபம். மேசையைச் சுற்றி ஊசிகள் நின்றுவிட்டன. பக்கத்தில் இருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கினார். அந்த அம்மா எழுந்து வந்து என் கழுத்தில் நூலைச் சுற்றி, என் கட்டைவிரலைப் பிடித்து வைத்து, ஒரு சுண்டு சுண்டிக் காட்டினார். ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பாதிப் பேர் கழுத்தில் நூல்.

அதற்குப் பிறகு யாரும் அவரை 'பெருக்காரம்மா' என்று அடையாளம் சொன்னதில்லை. பர்ல் வரிசை சிக்கினால் போய்க் கேட்க வேண்டிய ஆள், அவ்வளவுதான். அவர் நாட்டைப் பற்றி நாங்கள் தெரிந்துகொண்டதெல்லாம் பின்னால், போகிறபோக்கில். டிட்டிகாகா ஏரியில் இருக்கும் தக்கிலே தீவில் கம்பளித் தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. அந்தத் தீவின் நெசவு, பின்னல் கலை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. இதைச் சொன்னபோது மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே காத்திருக்கும் ஒரு கணவரை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பாவம், அவர் இப்போது மஃப்ளர் பின்னுகிறார்.

ஒன்று கவனித்திருப்பீர்கள். அந்த அம்மாவின் கைமுறை எங்களுக்குத் தேவைப்பட்டது. அதனால் கற்றுக்கொண்டோம். காட்சிப் பொருளைப் பார்க்கிற ஆர்வம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், தேவை அப்படித் தீராது.

செஸ் கூட இதே மாதிரிதான். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய் இன்றைய செஸ் ஆனது. சீனாவின் ஷியாங்சியும் ஜப்பானின் ஷோகியும் அதே குடும்பம் என்றுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். செஸ் குழு வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை இந்த மூன்று பலகைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷியாங்சியில் காய்கள் கட்டத்துக்குள் நிற்காது, கோடுகள் சந்திக்கும் முனையில் நிற்கும். நடுவில் ஒரு ஆறு ஓடும், யானை அதைத் தாண்டாது. நகர்த்த வழியில்லாமல் ஒருவர் முடங்கிவிட்டால் செஸ்ஸில் டிரா, ஷியாங்சியில் முடங்கியவருக்குத் தோல்வி. ஷோகியில் இருவர் காய்க்கும் ஒரே நிறம், முனை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ அதை வைத்துத்தான் யாருடையது என்று தெரியும். வெட்டிய காயை வெட்டியவரே தன் காயாகத் திரும்பப் பலகையில் இறக்கலாம். செஸ்ஸில் கில்லாடியாக இருப்பவர் இந்த ஒரு விதியில் தடுமாறுவதைப் பார்க்க வேண்டுமே! பத்து நிமிடத்துக்கு முன்பு தோற்றுக்கொண்டிருந்தவர் அவருக்குப் பாடம் எடுப்பார்.

ஆசிரியரும் மாணவரும் இப்படி இடம் மாறுவதுதான் முக்கியம். எப்போதும் ஒரே தரப்பு கற்றுக்கொடுக்க, இன்னொரு தரப்பு தலையாட்டிக்கொண்டே இருந்தால் அது வகுப்பு, நட்பு வராது.

இதெல்லாம் என் சொந்த மயக்கமோ என்ற சந்தேகம் வரலாம். இதை ஆராய்ந்தவர்கள் நிறைய. 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், வேறு வேறு பிரிவினர் சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது, அதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும் என்றார். சந்திக்கும் இடத்தில் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒருவரையொருவர் நம்பிச் செய்யும் வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு. 2006இல் பெட்டிகுரூ, டிராப் என்ற இருவர் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சந்திப்பு பொதுவாகவே வெறுப்பைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகளும் சேர்ந்தால் பலன் கூடுகிறது என்று வந்தது. மேசைக்கு மேசை நடக்கும் விழாவில் இந்த நான்கில் எத்தனை தேறும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது. ஈராக்கில் ஐஎஸ் தீவிரவாதிகளால் ஊரை விட்டு விரட்டப்பட்ட கிறித்தவர்களை வைத்து சல்மா மூசா என்ற ஆய்வாளர் செய்த கால்பந்து ஆய்வு 2020இல் வெளிவந்தது. சில அணிகளில் கிறித்தவர்கள் மட்டும், சிலவற்றில் முஸ்லிம் வீரர்களும் உண்டு. கலந்து ஆடியவர்கள் அடுத்த பருவத்துக்கும் கலப்பு அணியில் பெயர் கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம் வீரர்களோடு பயிற்சி செய்தார்கள். மைதானத்துக்கு வெளியே முன்பின் தெரியாத முஸ்லிம்களோடு பழகுவதில் அவ்வளவு மாற்றம் இல்லை. கூட ஆடியவன் நண்பன், தெருவில் போகிறவன் இன்னும் அந்நியன்தான். எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது, ஏனென்றால் பொய் சொல்லவில்லை. கால்பந்து ஒரு போரின் காயத்தை ஆற்றிவிடும் என்று யாரும் மேடையேறிப் பேச வேண்டாம். அதே சமயம் அந்த நண்பன் அற்பமானவனும் இல்லை.

எந்தப் பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். சேர்ந்து பாடுவது மிக வேகமாக ஒட்டவைக்கும். 2015இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு மூன்றையும் ஒப்பிட்டார்கள். பாடியவர்கள் ஆரம்பத்திலேயே நெருங்கிவிட்டார்கள். ஏழு மாதம் ஆனதும் மூன்று வகுப்புகளிலும் நெருக்கம் ஒரே அளவு. அவசரமாகத் தயக்கம் உடைய வேண்டுமென்றால் பாட்டு, பொறுமை இருந்தால் எதுவானாலும் சரி. பழுதுபார்க்கும் கூடங்களும் அருமையானவை. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா ஆரம்பித்த ரிப்பேர் கஃபே இன்று பல நாடுகளில் நடக்கிறது. உடைந்த மின்விசிறியின் முன்னால் இரண்டு பேரைக் குனிய வைத்தால் 'உங்கள் சொந்த ஊர் எது?' என்ற கேள்விக்கு முன்னால் 'அந்த ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்' வந்துவிடும்.

தவிர்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வினாடி வினா வேண்டாம். பழைய டிவி நிகழ்ச்சி, பழைய கிரிக்கெட் மேட்ச் என்று கேட்டால், அங்கேயே வளர்ந்தவர்கள் மட்டும் கை தூக்குவார்கள். வேறெங்கோ வளர்ந்தவர் எவ்வளவு படித்திருந்தாலும் வாயடைத்து உட்கார்ந்திருப்பார். சொல் விளையாட்டுகளும் அப்படித்தான். முதல் சில மாதங்களாவது கை பேசும் வேலையாக எடுங்கள்.

நாளும் நேரமும் குறிக்கும்போது எல்லாருடைய நாட்காட்டியையும் பார்த்துவிடுங்கள். வெள்ளி மதியம் சிலருக்கு ஆகாது, சனிக்கிழமை சிலருக்கு, ஞாயிறு காலை சிலருக்கு. நோன்பு மாதத்தில் மாலை வேளை யாருக்கோ கஷ்டம். எல்லாருக்கும் பொருந்தும் நாள் கிடைக்காமல் போகலாம். அப்போது இரண்டு நாட்களை மாற்றி மாற்றி வையுங்கள், எப்போதும் ஒரே ஆள் விட்டுக்கொடுக்கும்படி ஆகக் கூடாது. கூட்டத்தின் சாவி, வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகம், பணப்பொறுப்பு இதெல்லாம் ஒரே மொழிக்காரர்கள் கையில் தேங்கிவிடாமலும் பார்க்க வேண்டும். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு பேர் தங்கள் மொழியில் சிரித்துப் பேசினால் மூன்றாமவருக்குச் சுருக்கென்று இருக்கும். அதற்குச் சட்டம் போடாதீர்கள், 'என்ன ஜோக், எங்களுக்கும் சொல்லுங்கள்' என்று கேட்டால் போதும்.

அரசியல், மதம் பேசலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். தடையும் தேவையில்லை, ஏற்பாடு செய்த கலந்துரையாடலும் தேவையில்லை. 1999இல் இசை நடத்துநர் டேனியல் பேரன்பாயிமும் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீத்தும் இஸ்ரேலிய, அரபு இளைஞர்களைச் சேர்த்து ஓர் இசைக்குழு ஆரம்பித்தார்கள். மேற்கத்திய இசைக்குழுவில் வயலின்காரர் இருவருக்கு ஒரே தாள்தாங்கிதான். ஒருவர் வாசித்துக்கொண்டே இருக்க, பக்கத்தில் இருப்பவர் வில்லை நிறுத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். அவர்கள் கருத்தில் ஒத்துப்போனார்களா என்பது வேறு விஷயம். பக்கம் புரட்டப்படாமல் கச்சேரி நடக்காது.

இனி கூச்சப்படுகிறவர்கள். இவர்களிடம் 'உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்' என்று வட்டமாக உட்கார வைத்துக் கேட்டால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஒரு வேலை கொடுங்கள். லண்டன் புஷி பூங்காவில் 2004இல் 13 பேர் ஓடி ஆரம்பித்த பார்க்ரன் என்ற ஓட்டக் கூட்டம் இதை அழகாகச் செய்திருக்கிறது. சனிக்கிழமை காலை 5 கிலோமீட்டர், ஓடலாம், நடக்கலாம். ஓட விருப்பமில்லாதவருக்கு நேரம் குறிக்கும் வேலை, பார்கோடு ஸ்கேன் செய்யும் வேலை எல்லாம் உண்டு. எல்லாருக்கும் கடைசியில் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார், அதனால் வேறு யாரும் கடைசி ஆள் ஆகமாட்டார்கள். கூச்சப்படுகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது, பக்கத்தில் பெரும்பாலும் ஓரிருவர்தான் இருப்பார்கள். செஸ் குழு என்றால் கடிகாரம் வைக்கச் சொல்லலாம், பின்னல் குழு என்றால் நூல் உருண்டை சுற்றச் சொல்லலாம். கேள்வி கேட்டவர் நீங்களே அந்தக் கூச்சக்காரர் என்றால், முதல் தடவை போகும்போது அரை மணி நேரம் முன்னாடியே போய்விடுங்கள். நாற்காலி போட ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.